அடியில் தழும்புள்ள கேம்ப் அவன்

ஏப்ரல் கடைசியில் ஷெப்பர்டனுக்கு வடக்கே ஒரு பண்ணையில் கிளியரிங் சேல். விவசாயத்தை விட்டுப் போகிற குடும்பம் பண்ணையில் இருப்பதையெல்லாம் புல்வெளியில் வரிசையாகப் பரப்பி ஏலம் விடுவதை இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அப்படித்தான் சொல்வார்கள். டிராக்டர் முதல் துருப்பிடித்த ஆணி டப்பா வரை எல்லாவற்றுக்கும் ஒரு லாட் எண் உண்டு. நான் பார்த்த லாட்டில் நாய்ச்சங்கிலி, இரண்டு லாந்தர், உடைந்த கோழித்தொட்டி. இவற்றுக்கு நடுவில் பாதி மழைத்தண்ணீரோடு ஒரு கேம்ப் அவன் கிடந்தது.

கேம்ப் அவன் (camp oven, முகாம் அடுப்பு) என்பது மூன்று குட்டைக் கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி. அடி தட்டை, சுவர் ஏறக்குறைய நேர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காது, காதுகளில் கோத்த வளைகம்பி. மூடி கனமானது, அதன் ஓரம் சற்று எழும்பியிருக்கும். கால் இருப்பதால் அடியில் கங்கு பரப்பலாம். ஓரம் எழும்பியிருப்பதால் மூடிமேல் போட்ட கங்கு சரிந்து விழாது. மேலும் கீழும் சூடு கிடைத்தால் சட்டியே அடுப்பாகிவிடும், அதனால்தான் அந்தப் பெயர். 1851இல் பாலரட், பெண்டிகோ பக்கம் தங்கம் கிடைத்ததும் கூடாரம் போட்டவர்கள் ரொட்டி சுட்டது இதில்தான். மாட்டுமந்தையை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப் போனவர்களின் வண்டியிலும் இது இருந்தது. அமெரிக்காவில் இதே சாமானை டச்சு அவன் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இது கேம்ப் அவன்தான்.

ஏழு வருஷமாக இவற்றைத் தேடி வாங்குகிறேன். வீட்டில் இப்போது ஆறு இருக்கின்றன. முதல் மூன்று வருஷம் மூடியில் வார்த்த கம்பெனியின் பெயரைத் தேடினேன். இப்போது சட்டியைக் கையில் எடுத்ததும் அடியைத் திருப்பித்தான் பார்க்கிறேன். பெயர் இல்லாத சட்டி என்று மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போவதில்தான் பல நல்ல சட்டிகள் கிடக்கின்றன. இந்தப் பதிவு அப்படி ஒன்றைப் பற்றியது.

தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தேன். அடியில் ஈர மண்ணும் செத்த எறும்பும் அப்பியிருந்தன. விரலால் வழித்துவிட்டுத் தடவினால், அடியின் குறுக்கே நடுவில் ஒரு மேடு தட்டுப்பட்டது. நேர்கோடு, சுமார் ஒன்பது சென்டிமீட்டர் நீளம், தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிப்பு. அதன் முதுகு வழவழப்பாக இல்லை, முறுக்கு ஒடித்த இடம் மாதிரி கரடுமுரடாக இருந்தது. சேகரிப்பவர்கள் இதை கேட் மார்க் என்பார்கள். நான் தழும்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

இந்தத் தழும்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி அடையாளம் காணத் தெரிந்த மாதிரி. பழைய ஃபவுண்டரிகளில், அதாவது இரும்பு வார்க்கும் பட்டறைகளில், மண் அச்சுக்குள் சட்டி கவிழ்ந்த நிலையில் இருக்கும். மேலே இருப்பது அதன் அடி. அங்கே ஒடுக்கமான நீண்ட பிளவு விட்டு, அதன் வழியே உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் பிளவில் நின்ற இரும்பு ஒரு தகடு மாதிரி அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒடித்து, மிச்சத்தைத் தேய்த்து விடுவார்கள். பிளவை ஏன் அவ்வளவு மெல்லிசாக வைத்தார்கள் என்றால், தடிப்பாக இருந்தால் ஒடிக்கும்போது அடியும் சேர்ந்து பெயர்ந்துவிடும். இதற்கும் முந்தைய சட்டிகளில் கோட்டுக்குப் பதிலாக வட்டத் தழும்பு இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரும்பைப் பக்கவாட்டில் விளிம்பு வழியாக ஊற்றும் முறை பரவியது. அப்புறம் வந்த சட்டிகளில் அடி சுத்தமாக இருக்கும், விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் தேய்த்த அடையாளம் தெரியும். ஆக, கோட்டுத் தழும்பு என்றால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வேலை. கனமான சட்டிகளில் அந்தப் பழைய முறை இன்னும் சில காலம் ஓடியது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தழும்பை விரிசல் என்று நினைத்து விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் வைத்தாலே வித்தியாசம் தெரியும். தழும்பு மேடு, நேராக ஓடும். விரிசல் பள்ளம், நகம் மாட்டும், போகிற வழியில் வளைந்து நெளியும்.

மணலில் சட்டி வார்க்கும் இந்தத் தொழிலுக்கு ஒரு வருஷம் சொல்ல வேண்டுமென்றால் 1707. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு அந்த ஆண்டு காப்புரிமை வாங்கினார். அதுவரை நல்ல சட்டி என்றால் பித்தளை, வெண்கலம். இரண்டு வருஷம் கழித்து, கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதில், நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் கரியில் இரும்பு உருக்கிக் காட்டியவரும் அவரே. இரும்புச் சட்டி ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்ததற்கு இந்த இரண்டும் பெரிய காரணம்.

சரி, பண்ணைக்கு வருவோம். அடுத்த சோதனை ஒலி. சட்டியை வளைகம்பியில் தொங்கவிட்டு, கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டினேன். நல்ல வார்ப்பு கோயில் மணி மாதிரி நீளமாக இழுக்கும். விரிசல் இருந்தால் ‘டக்’ என்று அடங்கிவிடும். இது இரண்டும் இல்லாமல் ‘ங்ங்ர்ர்’ என்று அதிர்ந்தது. மனசு விழுந்துவிட்டது. மறுபடி சுற்றிப் பார்த்தபோதுதான், சுவரில் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஒரு போல்ட் தெரிந்தது. உள்ளே சதுரத் தலை, வெளியே சதுர நட்டு, இரண்டு பக்கமும் இரும்பு வாஷர். யாரோ ஒரு காலத்தில் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டினேன். மணி ஒலித்தது. அதிர்ந்தது தளர்ந்துபோன வாஷர், சட்டி அல்ல.

எனக்குப் பக்கத்தில் நின்ற முதிய விவசாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “போல்ட் போட்ட சட்டியா? அதை யாராவது ரொம்ப விரும்பியிருக்கணும், மேட்,” என்றார். புதுச் சட்டி வாங்க நாலு நாள் பயணம் போக வேண்டிய காலத்தில், ஓட்டை விழுந்த சட்டியை ஒரு போல்ட் போட்டுக் காப்பாற்றியவரை நினைத்துக்கொண்டேன். மொத்த லாட்டுக்கும் 70 டாலர் கொடுத்தேன். நாய்ச்சங்கிலியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். வாய் அகலம் 12 இஞ்ச், மூடியில் மங்கலாக 12 என்று தெரிந்தது. இந்த எண்கள் விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். எண் ஆண்டைக் குறிக்காது. சில ஃபவுண்டரிகளில் அது இஞ்ச், சிலவற்றில் அவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட அளவு எண், இங்கிலாந்துச் சட்டிகளில் பைன்ட் அல்லது கேலன் கணக்காகவும் இருக்கும். அளவுகோல் வைத்துப் பார்க்காமல் எண்ணை நம்பக் கூடாது. இப்போது இங்கே கடைகளில் விற்கும் புதிய கேம்ப் அவன்கள் குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) கணக்கில் வருகின்றன: நாலரை, ஒன்பது, பன்னிரண்டு. அவற்றின் சுவர் தடித்தது, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பானது. பழையதை எடுத்தால் அளவுக்கு எடை குறைவாகத் தோன்றும், உட்புறம் வழுக்கும். மெல்லிய மணலில் கை பழகியவர்கள் அச்சு எடுத்த வேலை அது.

வளைகம்பியும் நிறையச் சொல்லும். இந்தச் சட்டியின் கம்பி நடுவில் தடித்து இரு முனையிலும் மெலிந்து சுருண்டிருக்கிறது. கொல்லன் சம்மட்டியில் அடித்து இழுத்த வேலை, அடி விழுந்த பட்டைகள் இன்னும் தெரிகின்றன. இயந்திரக் கம்பி முனை முதல் முனை வரை ஒரே தடிப்பாக இருக்கும்.

பெயர் உள்ள சட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதிகம் தேடப்படுவது மெட்டர்ஸ். 1891இல் அடிலெய்டில் தொடங்கிய அடுப்புக் கம்பெனி, காற்றாலைகளும் செய்தார்கள். எங்கள் ஊர்ப் பெருமை ஃபர்ஃபி. 1870களில் ஷெப்பர்டனுக்கு வந்த ஜான் ஃபர்ஃபியின் பட்டறை தண்ணீர் வண்டிக்குப் பேர் போனது, கேம்ப் அவனும் வார்த்தார்கள். முதல் உலகப் போரில் மெல்பர்ன் பிராட்மெடோஸ் முகாமில் அந்தத் தண்ணீர் வண்டியைச் சுற்றி நின்று சிப்பாய்கள் வம்பளந்ததால், ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் வதந்திக்கே ஃபர்ஃபி என்று பெயர் வந்துவிட்டது. இவற்றுக்கு முன்னால் வந்தவை கப்பலில் வந்தவை. ஸ்காட்லாந்தின் கேரன், ஃபால்கர்க், இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் 1791இல் தொடங்கிய கென்ரிக் ஆகியவை அந்தக் காலத்தின் பெரிய வார்ப்புப் பெயர்கள்.

பெயருக்கு விலை ஏறினால் போலியும் வரும். எனக்கும் ஒன்று மாட்டியது. நல்ல பெயர், நல்ல துரு, விற்றவர் சொன்ன கதையும் நன்றாக இருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கப் பார்க்க ஏதோ இடித்தது. எழுத்துகளின் ஓரம் சோப்பில் வெட்டியது போல மழுங்கியிருந்தது. அசல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டையும் காலிப்பரில் அளந்தோம். என்னுடையது வாய் அகலத்தில் 3 மில்லிமீட்டர் குறைவு. அங்கேயே விஷயம் முடிந்தது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஃபவுண்டரிக்காரர்கள் அதற்காகவே மர மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்வார்கள். அசல் சட்டியையே மாதிரியாக வைத்து மணலில் அழுத்தி வார்த்தால் பிறக்கும் பிள்ளை அதைவிட ஒரு பங்கு சின்னதாகத்தான் இருக்கும். 12 இஞ்ச் என்றால் 3 மில்லிமீட்டர். துருவையும் எழுத்தையும் போலியாகக் கொண்டுவந்துவிடலாம், இந்தச் சுருக்கத்தை மறைக்க முடியாது. அதனால் அசலைக் காணும்போதெல்லாம் அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன்.

இனி வேலை.

முதலில் ஈயச் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய இரும்புச் சட்டிகளில் தூண்டில் குண்டுக்கும் துப்பாக்கி ரவைக்கும் ஈயம் உருக்கியவர்கள் உண்டு. பார்த்தால் தெரியாது, கழுவினாலும் போகாது. உள்ளே நாலு இடத்தில் துருவைச் சுரண்டி, சோதனைக் குச்சியால் தேய்த்தேன். போல்ட்டைச் சுற்றி இன்னும் கவனமாக, ஏனென்றால் ஓட்டை அடைத்தவர்கள் ஈயப்பற்றும் வைத்திருக்கலாம். நிறம் மாறவில்லை. மாறியிருந்தால் அந்தச் சட்டி சமையலறைப் பக்கம் வந்திருக்காது, செடி வைக்கக்கூட விட்டிருக்க மாட்டேன்.

அடுத்தது பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. வெளிச்சுவரில் கரித்தார் மாதிரி ஓடாகப் படிந்திருந்தது. இந்த இடத்தில் பலரும் தரும் யோசனை, தீயில் போட்டு எரித்துவிடு என்பது. என் இரண்டாவது சட்டியை அப்படித்தான் இழந்தேன். பத்து இஞ்ச், அழகான சட்டி. விறகுக் குவியலுக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். இருபது நிமிஷத்தில் உள்ளேயிருந்து ‘டிங்’ என்று ஒரே ஒரு சத்தம். காதிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. ஒரு பக்கம் செக்கச்சிவந்து மறு பக்கம் சூடேறாமல் இருந்தால் இரும்பு வேறு என்ன செய்யும்? பிளக்காமல் தப்பினாலும் அளவு மீறிச் சூடான இடம் செம்மண் நிறத்தில் செதில் செதிலாக மாறி, பிறகு எண்ணெயே பிடிக்காது. வாங்கும்போது அப்படிச் சிவப்பு படர்ந்த சட்டியைக் கண்டால் நான் கீழே வைத்துவிடுவேன். அந்தப் பிளந்த சட்டி இன்னும் என் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது.

இந்த முறை காஸ்டிக் சோடா. மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர், அதில் ஒரு கிலோ காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினேன். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, வீட்டில் பிள்ளை இருப்பதால் தொட்டிக்குப் பூட்டு. அலுமினியம், கல்வனைஸ் வாளி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, காஸ்டிக் அவற்றைத் தின்றுவிடும், ஹைட்ரஜனும் கிளம்பும். இந்தக் கரைசல் இரும்பைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும். மே மாதக் குளிரில் வேலை மெதுவாகத்தான் நடந்தது. நாலு நாளுக்கு ஒருமுறை எடுத்து மரக்கரண்டியால் வழித்தேன். 16ஆம் நாள் கறுப்புத் தோல் முழுசாகக் கழன்றது. மூடியில் 12க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியும் தெளிந்தது. சட்டியின் ஒரு காதுக்கு அடியிலும் அதே புள்ளி. மூடியும் சட்டியும் ஒரே ஜோடி என்பதற்கு நான் தேடிக்கொண்டிருந்த சாட்சி அது. ஏலங்களில் பாதிச் சட்டிகள் வேறு சட்டியின் மூடியோடுதான் வரும்.

துருவுக்கு மின்சாரம். 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா, பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். புதிய மாடல் சார்ஜர்கள் பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்து நின்றுவிடும். பழையதுதான் வேண்டும். எதிர்முனை சட்டிக்கு, நேர்முனை பலிகொடுக்கப் போகும் சாதா இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் சட்டி கரையும், ஆகவே சுவிட்ச் போடுமுன் இரண்டு முறை பார்த்தேன். தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில்தான் செய்தேன்.

சுவிட்ச் போட்டதும் சட்டியிலிருந்து சோடா பாட்டில் திறந்த மாதிரி நுண்ணிய குமிழ்கள் எழும்பின. தகட்டைப் பார்த்திருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வைத்தேன். மொத்தம் 20 மணி நேரம். எடுத்தபோது சிவப்பு முழுதும் கறுப்புப் பொடியாக மாறியிருந்தது, நைலான் பிரஷ்ஷில் தேய்த்தால் கையோடு வந்துவிட்டது. கீழே சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பு. அடியில் அந்தத் தழும்பு, ஒடித்த முதுகு, அதன்மேல் தேய்த்த கோடுகள் எல்லாம் தெரிந்தன. எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒடித்த மிச்சத்தைத் தேய்த்தவரின் கைவாக்கு அது.

இதனால்தான் கம்பிச் சக்கரமும் ஆங்கிள் கிரைண்டரும் வேண்டாம் என்கிறேன். பளபளப்பாக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தழும்பு, தேய்த்த கோடு, புள்ளி, அச்சு சேர்ந்த மடிப்பு ஆகியவைதான் பெயரில்லாச் சட்டியின் பிறப்புச் சான்று. ஐந்து நிமிஷத்தில் கிரைண்டர் அதை அழித்துவிடும்.

போல்ட்டை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். தெரிந்த வெல்டர் ஒருவரிடம் காட்டினேன். வார்ப்பிரும்பில் கரி அதிகம், நூற்றுக்கு மூன்று பங்குக்கும் மேல் இருக்கும். அதனால் நொறுங்கும் குணமும் அதிகம். சட்டி முழுவதையும் சூடாக்கி, நிக்கல் கம்பியில் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் ஓடும். அவர் செய்யத் தயார்தான், ஆனால் போல்ட்டைப் பார்த்துவிட்டு, “இது நூறு வருஷமாக வேலை செய்திருக்கிறது, நான் ஏன் கை வைக்கணும்?” என்றார். எனக்கும் அதே எண்ணம். சட்டியின் கதையில் அந்த போல்ட்டும் ஒரு பகுதி. நட்டை மட்டும் கால் திருகுக்கும் குறைவாக இறுக்கினேன். அதற்கு மேல் இறுக்க மனமும் வரவில்லை, துணிச்சலும் வரவில்லை. தண்ணீர் நிரப்பி நியூஸ் பேப்பர்மேல் இரவு முழுதும் வைத்ததில் காலையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈர வட்டம் இருந்தது.

மூடியை வைத்தால் லேசாக ஆடியது. வால்வு தேய்க்கும் பசை போட்டு மூடியையும் விளிம்பையும் உரசிச் சரிசெய்கிறவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. உள்ளே பூப்படிவது போல் எண்ணெய்ப் படலம் ஏற ஏற மூடி தானே அமர்ந்துவிடும்.

வெற்று இரும்பு காற்றுப் பட்டதும் கண்முன்னே மஞ்சள் துரு பூக்கும். ஆகவே கழுவித் துடைத்ததும் நேராக பார்பிக்யூ அடுப்புக்குள், 100 டிகிரியில் அரை மணி நேரம். காய்ந்ததும் கனோலா எண்ணெயை எல்லா இடத்திலும் தடவி, பிறகு தடவியதே தப்பு என்பது போலத் துடைத்தெடுத்தேன். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம், சூட்டில் பிசுபிசுவென்று திட்டாக நிற்கும். கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம், அடுப்பிலேயே ஆற விட்டு, மறுபடி எண்ணெய். ஐந்து முறை. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டும் கெட்டிப் படலமாக மாறுவதுதான் இதில் நடக்கிறது. ஆளிவிதை எண்ணெயைப் பெரிதாகச் சொல்வார்கள். நான் போட்டுப் பார்த்த சட்டியில் நாலே மாதத்தில் செதில் கழன்றது.

மூன்றாவது சுற்றின்போது திருநெல்வேலியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். சட்டியைக் காட்டினேன். “பழக்கிட்டிருக்கியாப்பா?” என்றாள் உடனே. நம் ஊரில் தோசைக்கல்லை அரிசி கழுவின தண்ணியிலும் வடிச்ச கஞ்சியிலும் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் விட்டு, அரை வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்குவோமே, அதேதான். புளித்த கஞ்சியின் இலேசான புளிப்பு துருவைத் தளர்த்தும், எண்ணெயும் சூடும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அதற்குப் பல பெயர் சொல்கிறார்கள், எனக்கு ‘பழக்குதல்’ என்ற சொல்தான் சரியாகப் படுகிறது. சட்டியும் பழகும், கையும் பழகும். “ஆறு மாசத்துக்குப் புளிக்குழம்பு வைக்காதே. தக்காளியும் வேண்டாம். மொதல்ல ரொட்டி கிட்டி சுடு,” என்றாள். அவள் கேம்ப் அவனைக் கண்ணால் கண்டதில்லை, சொன்னது அத்தனையும் சரி.

ஐந்தாவது சுற்று முடிந்து மறுபடி தண்ணீர் நிரப்பிப் பேப்பர்மேல் வைத்தேன். காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது. வாஷர் இடுக்கில் எண்ணெய் இறுகிவிட்டது. இருந்தாலும் இதில் குழம்பு வைக்கப் போவதில்லை, ரொட்டிக்கும் வாட்டும் இறைச்சிக்கும்தான் என்று முடிவு.

இடையில் ஒரு வார்த்தை. ஏலங்களில் பெடூரி அவன் என்று ஒன்றும் வரும், அதைக் கேம்ப் அவன் வரிசையில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேற்கு குயின்ஸ்லாந்தின் பெடூரி பண்ணைப் பக்கம் பிறந்தது. வார்ப்பிரும்பு பொதிக்குதிரையிலிருந்து விழுந்தால் உடைந்துவிடுகிறது என்பதற்காக எஃகுத் தகட்டில் செய்தது. மூடியே வாணலியாகவும் ஆகும். பயணத்துக்கு மிக நல்ல சாமான். ஆனால் அதில் தட்டினால் மணி ஒலிக்காது.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, கோடைத் தீத்தடை எல்லாம் முடிந்த குளிர்காலம், கொல்லையில் முதல் ரொட்டி. டாம்பர் என்று இங்கே சொல்லும் எளிய ரொட்டி: பேக்கிங் பவுடர் கலந்த மாவு, உப்பு, வெண்ணெய், பால். ரெட் கம் மரக் கங்கு வெகுநேரம் நிற்கும், ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு சூடு. புதுச் சட்டியின் குணம் தெரியும்வரை கரிக்கட்டிகளை எண்ணி வைப்பது என் வழக்கம். சட்டி எத்தனை இஞ்ச்சோ அதைப்போல் இரண்டு மடங்கு கரிக்கட்டி வைத்தால் சுமார் 180 டிகிரி கிடைக்கும். 12 இஞ்ச்சுக்கு 24. அதில் மூடிமேல் 15, அடியில் 9. அடியில் நடுவே குவிக்காமல் வட்டமாகப் பரப்ப வேண்டும். அடியில் அதிகம் வைத்தவர்களுக்குத்தான் கருகும். கால் மணிக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை மறு பக்கமும் கால்வட்டம் திருப்பினேன். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதே என்று மகளுக்கு முன்கூட்டியே சொல்லி, ஷெட்டில் தொங்கும் பிளந்த சட்டியையும் காட்டினேன்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் வாசனை மாறியது. கொக்கியால் மூடியைத் தூக்கினேன், சாம்பல் ஒரு துளியும் உள்ளே விழவில்லை. ரொட்டி பொன்னிறமாக எழும்பி சுவர்வரை முட்டி நின்றது. கவிழ்த்ததும் ஒட்டாமல் வந்தது.

அதன் விலாவில், அடிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சதுரக் குழி இருந்தது. போல்ட்டின் தலை பதிந்த இடம். இந்தச் சட்டியில் முன்பு சுட்ட ரொட்டிகளிலும் இதே இடத்தில் இதே குழி விழுந்திருக்க வேண்டும். மகள் அந்தத் துண்டுதான் வேண்டும் என்றாள். குழியில் வெண்ணெயை நிரப்பிக் கொடுத்தேன்.